சித்திரை வீதியின் நீண்ட வீடுகள்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று சொன்னது தேர். வீட்டுக்காரர்களுக்கு அதில் பேச்சே கிடையாது. சித்திரை மாதம் நம்பெருமாள் தேரேறி நான்கு வீதியும் சுற்றி வருவார். முனையில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்ப எவ்வளவு இடம் வேண்டுமோ, அதை விட்டுவிட்டுத்தான் யாரும் திண்ணை கட்ட முடியும். விஜயநகர அரச குடும்பத்து விருப்பண்ண உடையார் 1383-ல் நடத்திவைத்த உற்சவம் என்பதால் அதற்கு இன்றைக்கும் விருப்பன் திருநாள் என்றே பெயர். உள்ளே தள்ளியிருக்கும் உத்திர வீதிகளில் தைத்தேர் ஓடும். சித்திரைத் தேருக்கு வழிவிட்டு நின்ற வரிசையில், வடக்குச் சித்திரை வீதியில், எங்கள் வீடு இருந்தது. அந்த இடத்தில் இப்போது ஃபிளாட்டுகள் இருக்கின்றன.

முன்னால் வர வழியில்லாத வீடுகள் பின்னால் நீண்டன. வாசல் என்னவோ பதினைந்தடி, இருபதடிதான். நுழைந்தால் ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காவியும் வெள்ளையும் பட்டை போட்ட திண்ணை. அதை ஒட்டி, வழவழவென்று தேய்ந்த சாய்வுத் திண்டு. நிலைப்படிக்கு மேலே சங்கும் சக்கரமும் நடுவில் திருமண்ணும். கதவைத் திறந்தால் ரேழி, பகலிலும் இருட்டு. வெயிலிலிருந்து வருகிறவனுக்கு ஐந்து நிமிஷம் கண் தெரியாது. அந்த இருட்டில்தான் செருப்பு, குடை, சைக்கிள், யாரோ வைத்துவிட்டுப் போன வாழைத்தார் எல்லாம் இருக்கும். ரேழியைத் தாண்டினால் சட்டென்று வெளிச்சம்: மித்தம். நாலு பக்கமும் தாழ்வாரம், நாலு தேக்குத் தூண், மேலே வானம். மழை பெய்தால் ஓட்டுத் தண்ணீர் நாலு மூலையிலும் கொட்டும். பாட்டி அண்டா, தவலை என்று இருக்கிற பாத்திரத்தையெல்லாம் கொண்டுவந்து அடியில் வைத்துவிடுவாள்.

மித்தத்துக்குப் பின்னால் கூடம், கூடத்தில் ஊஞ்சல். ஒரு பக்கம் காமரா உள், மறுபக்கம் பெருமாள் உள். அதையும் தாண்டினால் இரண்டாங்கட்டு. அங்கே தளிகை உள், உக்கிராண உள், அம்மி, ஆட்டுக்கல், பத்தாயம். மூன்றாங்கட்டில் கிணறும் துவைக்கிற கல்லும். அதற்கப்பால் மாட்டுக் கொட்டில், முருங்கை, நாரத்தை, ஒரு பவழமல்லி. கடைசியில் கோயில் மதில். வாசலில் பெருமாளின் வீதி, கொல்லையில் பெருமாளின் மதில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் குடித்தனம். மதிலின் கருங்கல் வெயில் காலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் சுடும். முதுகைச் சாய்த்துக்கொண்டு அதனடியில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தோம்.

ஊர் பழையது. வீடுகள் அவ்வளவு பழையவை அல்ல. இன்றைக்கு மிச்சமிருக்கும் பெரிய வீடுகளின் உடம்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து கிடைத்த சாமான்களால் ஆனது. 1852 போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின் பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக இந்தப் பக்கம் வந்தது. கனமான உத்தரங்களும், ஒரே மரத்தில் கடைந்த தூண்களும் அதன் பிறகு சுலபமாயின. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். நாட்டு ஓட்டுக்குப் பக்கத்திலேயே, அடுத்த கட்டில், முத்திரை குத்திய மங்களூர் ஓடு ஏறியது. முன்கட்டுக்கு மாடி எடுத்தவர்கள் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு பூசி, அதற்கு மேலே செங்கல் ஜல்லிக் காரையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். அப்படிப் போட்ட மாடியில் மே மாதத்தில் வெறுங்காலோடு நடக்கலாம் என்று சொன்னால் சிமெண்ட் மாடியில் வளர்ந்த பிள்ளைகள் நம்புவதில்லை. அடியில் இருக்கும் அறை நிஜமாகவே குளிரும்.

அந்தக் காரையை அடித்தவர்கள் யார் என்பதையும் சொல்லித்தான் இதற்கு மேலே போக வேண்டும். வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கட்டை பிடித்து அடித்த பெண்களும், உத்தரத்தைத் தோளில் ஏற்றிய ஆட்களும், கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு ரேழியைத் தாண்டி உள்ளே வர முடியாது. சிலர் திண்ணைக்கே வர முடியாது. வழிப்போக்கருக்காகத் திண்ணை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எல்லா வழிப்போக்கருக்கும் அது இருக்கவில்லை. வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். என் தாத்தாவின் அக்கா சின்ன வயதில் தாலியறுத்தவள். நார்மடி கட்டிக்கொண்டு இரண்டாங்கட்டிலேயே ஆயுசைக் கழித்தாள். தேர் வரும்போது வாசலுக்கு வரமாட்டாள். மாடி ஜன்னலின் பலகைச் சட்டத்தைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சேவிப்பாள். அந்த வீட்டை நினைக்கிறபோதெல்லாம் அந்த ஜன்னலும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஏங்குகிறேன் என்பதற்காக அதை மறைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டை நடத்தியது நெல். லால்குடிப் பக்கத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு தரம் வண்டியில் குத்தகை நெல் வந்து இறங்கும். பத்தாயம் நிறையும், வைக்கோல் கொல்லைக்குப் போகும், அளந்து கொட்டிய ஆளுக்கு ரேழியில் மோர். ஓடு மாற்ற, சுண்ணாம்படிக்க, கல்யாணம் செய்ய, எல்லாவற்றுக்கும் அந்த நெல்தான். 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் நில உச்சவரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றானது. 1970-ல் அது பதினைந்தாகக் குறைந்தது. உழுதவனுக்கு நிலத்தில் காலூன்ற இடம் கொடுத்த சட்டங்கள் அவை. வந்தது நியாயம். ஆனால், இந்த வீதியின் ஒவ்வொரு ஓட்டுக்கும் அடியில் முட்டுக் கொடுத்திருந்தது அந்தக் குத்தகை நெல்தான் என்பதும் உண்மை. அது நின்றதும் பத்தாயம் விறகு வைக்கிற இடமாயிற்று. பிறகு பழைய பேப்பர் வைக்கிற இடமாயிற்று.

நெல் நிற்பதற்கு முன்பே வேறொன்று வீதியை மெள்ள மெள்ளக் காலி செய்யத் தொடங்கியிருந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில் காலேஜ். 1844-ல் நாகப்பட்டினத்தில் இயேசு சபைப் பாதிரிமார் ஆரம்பித்த செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரி 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிவந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே, மெயின்கார்டு கேட்டுக்கும் தெப்பக்குளத்துக்கும் பக்கத்தில், எதிரே லூர்து மாதா கோயிலின் கூர்மையான கோபுரத்தோடு. 1919-ல் நேஷனல் கல்லூரி வந்தது. தென்கலை, வடகலை என்று நாமத்துக்கே சண்டை பிடித்த வீதி, பிள்ளைகளைப் பாதிரிமாரிடம் படிக்க அனுப்புவதற்குத் தயங்கவே இல்லை. குடுமி வைத்துத் திருமண் இட்டுக்கொண்ட பையன்கள் காவேரியில் முழுகிவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போய் ஷேக்ஸ்பியரும் கால்குலஸும் படித்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் கூடத்துக்கு வர வேண்டும் என்று என் பெரிய தாத்தா காலத்தில் விதி இருந்ததாம். என் அப்பா காலத்தில் கை கால் அலம்பினால் போதும் என்று ஆனது. நான் படித்தபோது அம்மா கேட்டதெல்லாம், “மத்தியானம் சாதத்தைச் சாப்பிட்டியா, இல்லே கேன்டீன்ல திங்கறியா?” என்பது ஒன்றுதான்.

வீதிக்கும் காலேஜுக்கும் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருந்தது. இங்கேயிருந்து பிள்ளைகள் அங்கே போவார்கள். முசிறி, துறையூர், குளித்தலை, அரியலூர் என்று வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் சிலர் இங்கே மாடியறையில் வாடகைக்கு இருப்பார்கள். எங்கள் வீட்டு மாடியறை ஜூன் மாதத்தில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. வாடகை குறைவு, ஏகாதசியன்றைக்கு மாடியில் முட்டை வாசனை வரக் கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் கூடவே இருக்கும். அப்படி வந்தவர்களில் ஒருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கணக்குப் போட்டுக் காட்டித்தான் எனக்கு இயற்கணிதம் பிடித்தது. பரீட்சை முடிந்து கிளம்புகிறவர்களுக்குப் பாட்டி புளியோதரை கட்டிக் கொடுப்பாள். பல வருஷம் கழித்தும் அவர்களிடமிருந்து பொங்கல் வாழ்த்து வந்துகொண்டிருந்தது. வீடு விற்றுப் போன பிறகும் பழைய முகவரிக்கு வந்ததாகத் தபால்காரர் சொன்னார்.

கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் இந்த வழியாகப் போனவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவர். ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூடம், செயின்ட் ஜோசப்ஸில் இயற்பியல், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி., பிறகு டெல்லியில் விமானத் துறை வேலை, பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். ராமேசுவரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த அப்துல் கலாமும் அதே காலேஜ், அதே இயற்பியல், அதே குரோம்பேட்டை. ரங்கராஜன் சுஜாதாவாகி ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ எழுதியபோது அவர் இந்த ஊரைவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எங்கள் வீதியைப் பற்றி அதிகம் பேர் படித்த எழுத்து, வீதியில் குடியிருந்தவரால் இங்கே இருந்துகொண்டு எழுதப்பட்டதல்ல. அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இங்கே இருந்தவர்களுக்குத் திண்ணை உட்காருகிற இடம். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு என்ன இருக்கிறது?

சட்டமும் ஒன்று குறுக்கே வந்தது. கூட்டுக் குடும்பத்துப் பணத்தில் ஒரு பிள்ளை விசேஷப் படிப்புப் படித்தால், அவன் சம்பாத்தியத்திலும் குடும்பத்துக்குப் பங்கு உண்டு என்பது பழைய இந்துச் சட்டத்தில் இருந்த வழக்கு. வக்கீலாகிச் சம்பாதித்தாலும் அண்ணன் தம்பிகள் பங்கு கேட்கலாம். 1930-ல் வந்த கல்வி ஆதாயச் சட்டம் அதை முடித்தது: யார் பணத்தில் படித்திருந்தாலும் சம்பாத்தியம் படித்தவனுக்கே சொந்தம். தனி மனுஷனுக்கு அது பெரிய விடுதலை. என் பெரிய தாத்தா அந்த விடுதலையில்தான் பம்பாய்க்குப் போனார். கடிதம் போட்டார், மணியார்டர் அனுப்பினார், தேருக்கு வந்தார். மணியார்டர் பிரியத்தினால் வந்தது. பிரியம் இருக்கிறவரை வரும். அதற்கடுத்த தலைமுறைக்கு இந்த வீட்டின் ஓட்டுக்கு எதற்காகப் பணம் அனுப்ப வேண்டும்? அவர்கள் இந்த மித்தத்தில் நனைந்ததே இல்லையே.

பெண்கள் பாலத்தைத் தாண்டியது கொஞ்சம் பிந்தி. ஹோலி கிராஸ் கல்லூரி 1923-லேயே வந்துவிட்டது. சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி 1951-ல். எங்கள் வீட்டில் முதலில் போனவள் சித்தி. “படிச்சு என்ன பண்ணப் போறா?” என்று கூடத்தில் நடந்த விவாதத்தில் அவளுக்காகப் பேசியது, இரண்டாங்கட்டிலிருந்து ஒருபோதும் சத்தம் போட்டுப் பேசாத அந்த நார்மடிக்காரப் பாட்டி. “அவ போகட்டும்டா” என்றாளாம்; அவ்வளவுதான். சித்தி கணக்கில் பட்டம் வாங்கி, பிறகு டீச்சராகி, பெண்சாதிக்குச் சம்பளம் வருவது வெட்கமில்லை என்று நினைக்கிற ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு நெய்வேலிக்குப் போனாள். வீதி காலியானதைப் பற்றிப் புலம்புகிறவர்கள் யாராவது என்னிடம் வந்தால், சித்தி போனதையும் சேர்த்துத்தான் புலம்புகிறீர்களா என்று கேட்பேன்.

நான் போனது 1981-ல். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மூன்று வருஷம் போய்வந்த காலேஜ், மெட்ராஸ் யுனிவர்சிட்டி பட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தது. அடுத்த வருஷமே திருச்சிக்குச் சொந்தமாகப் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் ராயகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். நூற்றாண்டுக்கணக்கில் அடித்தளத்தோடு மொட்டையாக நின்ற கோபுரம். நாங்கள் அதன் அடியில்தான் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அது என்றாவது முழுசாகும் என்று வீதியில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அகோபில மடம் நாற்பத்து நான்காவது ஜீயர் எடுத்த முயற்சியில் பதின்மூன்று நிலையும் எழும்பி, 1987 மார்ச் 25 அன்று கும்பாபிஷேகம் ஆனது. அதற்கு நான் வெளியூரிலிருந்து ரயிலில் வந்தேன். காவேரிப் பாலத்திலிருந்தே கோபுரம் தெரிந்தது. ஊர் தலை நிமிர்ந்த அந்த நாளில் எங்கள் வீட்டில் விளக்கேற்ற அப்பா, அம்மா இரண்டு பேர்தான் நிரந்தரமாக இருந்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு வந்த அறுபது சொந்தக்காரர்களுக்கும் படுக்க அந்த வீட்டில் இடம் இருந்தது. மறுவாரம் எல்லோரும் போய்விட்டோம்.

நீண்ட வீட்டுக்குப் பாகப்பிரிவினை பெரிய எதிரி. சதுரமான வீட்டை நாலாகப் பிரிக்கலாம். பதினெட்டடி அகலமும் கண்ணுக்கெட்டாத நீளமும் உள்ள வீட்டை எப்படிப் பிரிப்பது? நீளவாக்கில் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் ஒன்பதடிச் சந்து. மித்தத்தின் நடுவே சுவர் எழும்பி, தூண் ஒருவனுக்கும் அந்தத் தூண் தாங்குகிற உத்தரம் இன்னொருவனுக்கும் போன வீடுகள் எங்கள் வீதியில் இருந்தன. குறுக்குவாக்கில் பிரித்தால் கிணறு ஒருவனுக்கு, வாசல் ஒருவனுக்கு. பின்கட்டுக்காரன் வெளியே வர முன்கட்டுக்காரன் தயவு வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று தோன்றினால் மூன்றாவது வழி ஒன்றுதான்: விற்றுப் பணத்தைப் பிரிப்பது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஏழு கையெழுத்து, அதில் இரண்டு அமெரிக்காவிலிருந்து பவர் பத்திரமாக வந்தது. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ரேழிப்படியும் மித்தத்துப் படியும் கொல்லைப்படியும் தாண்டி ராத்திரி கழிப்பறைக்குப் போக வேண்டிய வீட்டில் எழுபத்தைந்து வயதுக்காரர்களை வைத்துக்கொண்டு நாங்கள் எந்த முகத்தோடு பாரம்பரியம் பேசுவது?

இடிக்கிறதைப் பார்க்கப் போக வேண்டாம் என்றார்கள். போனேன். முதலில் ஓட்டை இறக்கினார்கள். முத்திரை கெடாத ஓடுகள் தனியாக. பிறகு கதவு, நிலை, ஜன்னல் சட்டம், ஊஞ்சல் பலகை, பித்தளைச் சங்கிலி. கடைசியாகத் தூண்களை வயிற்றில் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். மரமெல்லாம் போகிற இடம் தெரிந்ததுதான்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள். அங்கிருந்து ஏதோ ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறைக்கு. எங்கள் தாழ்வாரத்துத் தூண் எங்கேயோ நின்று இன்னும் எதையோ தாங்கிக்கொண்டிருக்கும். தேக்குக்கு நூற்று முப்பது வருஷம் பெரிய வயசில்லை. சுண்ணாம்புக் காரை மட்டும் எதற்கும் ஆகாது என்று லாரியில் ஏற்றிப் பள்ளம் நிரப்பக் கொண்டுபோனார்கள். அத்தனை நாள் கட்டையால் அடித்து இறுக்கிய காரையை உடைக்கிற ஆள் வியர்த்துப் போய், “இதை எதைப் போட்டுக் கட்டினாங்க சாமி?” என்று கேட்டார். கடுக்காயும் வெல்லமும் என்றேன். அவர் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார்.

காலேஜே ஒரு பழைய மாளிகையை எடுத்துக் காப்பாற்றியதற்குத் திருச்சியிலேயே உதாரணம் இருக்கிறது. தெப்பக்குளத்துப் பக்கம் ராபர்ட் கிளைவ் குடியிருந்ததாகச் சொல்லப்படும் வீடு செயின்ட் ஜோசப்ஸின் மாணவர் விடுதியானது. கிளைவ் ஹாஸ்டல் என்றுதான் எங்கள் செட்டில் எல்லோரும் சொல்வோம். உள்ளே பையன்கள் இருந்ததால்தான் அந்தக் கட்டடம் நின்றது. அமெரிக்காவில் நியூ ஹேவன் ஊரில் ஹில்ஹவுஸ் அவென்யூ என்று ஒரு தெரு. இரண்டு பக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செல்வர்கள் கட்டிய மாளிகைகள். அந்தக் குடும்பங்களும் ஒரு கட்டத்தில் கலைந்துதான் போயின. யேல் பல்கலைக்கழகம் அவற்றில் பெரும்பாலானவற்றை வாங்கித் தன் துறைகளையும் அலுவலகங்களையும் அதற்குள் வைத்துக்கொண்டது. பல்கலைக்கழகத் தலைவரின் வீடும் அதே தெருவில்தான். என் அக்கா பேரன் அங்கே படித்தான். அவன் அனுப்பிய படங்களில், யாரோ ஒரு வியாபாரியின் விருந்துக் கூடமாக இருந்த அறையில் பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தரை பளபளத்தது. எங்கள் வீதியையும் அவன் தெருவையும் ஒப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். அங்கே காலேஜும் மாளிகையும் ஒரே தெருவில். இங்கே நடுவில் காவேரி. அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரன். இங்கே ஏழு கையெழுத்து. இருந்தாலும் அந்தப் படங்களைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய கோயிலுக்கு நல்ல காலம் வந்தது. 2015 கும்பாபிஷேகத்தை ஒட்டி நடந்த திருப்பணிக்காக யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது 2017-ல் கிடைத்தது. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் கோயிலின் பெயர் இருக்கிறது. ஏழு மதில்களும் 21 கோபுரங்களும் 156 ஏக்கரும் என்று எழுதுகிறார்கள். அந்த 156 ஏக்கருக்குள் மனிதர்கள் குடியிருந்த வீதிகளும் அடக்கம் என்பதுதான் ஸ்ரீரங்கத்தின் விசேஷம். மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே வீட்டை வைத்துப் பெருமாளை வைத்தார்கள். கல்லால் ஆனதைக் காப்பாற்ற இத்தனை பேர் இருக்கிறார்கள். செங்கல், சுண்ணாம்பு, தேக்கால் ஆனதற்கு, வீட்டுக்காரன் பணம் தீர்கிற வரைக்கும்தான் ஆயுசு.

எனக்கு வேண்டியிருப்பது எது என்று நானே கேட்டுக்கொள்வதுண்டு. குத்தகை நெல் திரும்ப வேண்டாம். பாதி திறந்த ஜன்னல் வேண்டவே வேண்டாம். மார்கழியில் விடிகிறதற்கு முன்னால் சாணி தெளிக்கிற சத்தம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்குமே, அது வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின ராத்திரி திண்ணையில் இடமில்லாமல் ரேழியிலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். தூத்துக்குடிக்காரரும் கர்நூல்காரரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் விடியவிடியப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும். ஆடிக் காற்றில் கொல்லைக் கதவைத் திறந்தால் கொள்ளிடத்துக் காற்று நுழைந்து, மூன்று கட்டையும் தாண்டி, மித்தத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் உட்கார்ந்திருக்கிற அப்பாவின் கையிலிருக்கும் ‘ஹிந்து’ பேப்பரைப் படபடக்க வைக்கும். ஒரு வீடு முழுக்கக் காற்று நடந்துபோவதை அதற்குப் பிறகு நான் குடியிருந்த எந்த இடத்திலும் பார்க்கவில்லை. சென்னையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஏ.சி. மெஷின்.

அப்பா ஒன்று சொல்வார்: பெரியவர்கள் இந்த வீட்டைப் பிள்ளைகள் படிக்கத்தான் கட்டினார்கள், பிள்ளைகள் படித்துவிட்டார்கள். வீடு விற்ற அன்றைக்கும் அதையேதான் சொன்னார். மகன் மனம் கஷ்டப்படக் கூடாதென்று சொன்னதாக அப்போது எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது கணக்கு முடித்தவரின் பேச்சாகவே படுகிறது. லால்குடி நெல், மாடியறை வாடகை, விற்ற நகை எல்லாம் பாலத்தைத் தாண்டி ஃபீஸாகப் போயின. டிகிரியாகத் திரும்பி வந்தது கொஞ்ச நாள் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பிறகு டிகிரிக்காரன் சட்டத்தையும் கழற்றிக்கொண்டு போனான். வீடு எங்களைத் துரத்தவில்லை, நாங்களும் அதை வெறுத்துப் போகவில்லை. அது எதற்காக உழைத்ததோ அது நடந்துவிட்டது. அதனால்தான் இந்த ஏக்கத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் இருக்கிறது.

நாலு உத்திர வீதியிலும் நாலு சித்திரை வீதியிலும் இன்னும் முழுசாக நிற்கிற வீடுகள் உண்டு. சிலவற்றில் அர்ச்சக ஸ்வாமிகளும் கோயில் கைங்கரியக்காரர்களும் குடியிருக்கிறார்கள். சில பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் முன்கட்டு மட்டும் கடையாகிவிட்டது. அவற்றின் சொந்தக்காரர்களில் பலர் என்னைப் போல வெளியூரில் இருப்பவர்கள். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். துவாக்குடி என்.ஐ.டி.யில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளோ, வேறு எங்கே படிக்கிற பிள்ளைகளோ, நோட்டும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு வந்து கேட்டால், இடிக்கிறதற்கு முன்னால் ஒரு நாள் கதவைத் திறந்துவிடுங்கள். திண்ணையிலிருந்து மதில் வரைக்கும் அளக்கட்டும். உத்தரத்தின் கனம், மித்தத்தின் சதுரம், தூண் தலையில் என்ன செதுக்கியிருக்கிறது, எந்தக் கட்டில் நாட்டு ஓடு, எந்தக் கட்டில் மங்களூர் ஓடு எல்லாம் எழுதிக்கொள்ளட்டும். இரண்டாங்கட்டில் யார் இருந்தார்கள், எதுவரைக்கும் யார் வரலாம் என்று இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அளந்து முடிக்க ஒரு பகல் முழுக்க ஆகும். பெண் பிள்ளைகளும் வருவார்கள். வாசலோடு நிறுத்தாமல் பெருமாள் உள் வரைக்கும் கூட்டிப் போங்கள். மத்தியானம் அவர்களுக்குச் சாதம் போடுங்கள்.